இறுகப் பிடி, தொடாதே

போட்ஸ்ஃபியூர், ஜனவரி.
பதினொரு மணிக்குக் கொஞ்சம் நீலம் கசிந்து
ஒரு மணிக்குள் மூடிக்கொள்ளும் பகல்.
மீன் ஆலையின் இரண்டாம் தளத்தில்
சுன்னிவா ஹௌக்ஸ்பியோ
ஓர் இயந்திரக் கையோடு
ஆறு வாரமாய்ச் சண்டையில் இருக்கிறாள்.

இறுக்கிப் பிடித்தால் காட் மீனின் சதை
நனைந்த புத்தகம்போல் இதழிதழாய்ப் பிரிகிறது.
தளர்த்திப் பிடித்தால் வழுக்கி
தைவாவின் பூட்ஸின்மேல் விழுகிறது.
லித்துவேனிய மொழியில் ஏதோ சொல்லி அவள் குனிந்து எடுப்பாள்.
மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.
செய்யுளில் வந்தால்
முரண் என்று தலையாட்டி ரசிப்போம்.
ஆலையில் அதற்கு
நாளொன்றுக்கு நானூறு கிலோ கழிவு என்று பெயர்.

அன்றிரவு செயற்கை நுண்ணறிவிடம் எழுதினாள்:
"கை இறுக்கமாக இருக்க வேண்டும்.
கை இறுக்கமாக இருக்கக் கூடாது.
நடுவில் ஓர் அளவைச் சொல்லாதே,
நடு அளவுகள் எல்லாம் பார்த்தாயிற்று.
கண்டுபிடிப்பின் நாற்பது விதிகளையும்
ஒவ்வொன்றாய் இந்த மீனின்மேல் வை."

வைத்தது. சளைக்காமல் வைத்தது.
துண்டாக்கு: ஒரு கைக்குப் பதில் முந்நூறு மயிர்விரல்.
தலைகீழாக்கு: மீன் நிற்கட்டும், ஆலை நகரட்டும்.
இதற்கு அவள் சிரித்தாள், தனியாக, சத்தமாக.
முன்கூட்டியே செய்:
கைப்பிடி வைத்த மீனை வளர்க்கலாமே
என்கிற அளவுக்குப் போயிற்று.
கெடுதலை நன்மையாக்கு என்ற இடத்தில்
ஓர் ஆய்வுக் கட்டுரையைச் சான்று காட்டியது.
தேடினாள். அப்படியொரு கட்டுரை உலகில் இல்லை.
மன்னிப்புக் கேட்டது, அழகாக.
அடுத்த விதிக்குப் போனது, வெட்கமில்லாமல்.

முப்பத்தாறு: நிலைமாற்றம்.
நீர் கட்டியாகும் கணத்தில் நடப்பதைப் பயன்படுத்து.
கீழே ஒரு கேள்வி:
"உன் ஆலையில் காசு கொடுக்காமல் கிடைப்பது என்ன?"

குளிர், என்று தட்டினாள். எரிச்சலில் தட்டினாள்.
சொல் திரையில் நின்றது.
போன வியாழன் ஞாபகம் வந்தது.
பள்ளிக்கூடத்து இரும்புக் கேட்டில்
நாக்கு ஒட்டிக்கொண்டு நின்ற மகன் ஐலிவ்.
எந்தக் கையும் அவனைப் பிடித்திருக்கவில்லை.
எந்தக் கையாலும் அவனைப் பிரிக்க முடியவில்லை.
குவளையில் வெதுவெதுப்பான நீரோடு
ஆசிரியை ஓடிவந்தாள்.

அவ்வளவுதான்.
விரலே இல்லாத ஓர் உலோகத் தட்டு.
மேலே மெல்லிய ஈரம், ஈரத்தின் முதுகில் உறைகுளிர்.
மீன் தானே வந்து பற்றிக்கொள்ளும்.
விட வேண்டிய இடத்தில் அரை நொடிச் சூடு.

இல்லை, அவ்வளவுதான் இல்லை.
முதல் இருபது துண்டில்
ஏழு பாதி வழியில் கழன்று மறுபடி பூட்ஸுக்கே.
ஐந்து, விடவே மாட்டேன் என்றன.
ஆலையில் ஓடுவது உப்புநீர்;
நன்னீர் என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தது அது.
கேட்டால்தானே சொல்லும்,
அவளும் கேட்கவில்லை.
பிடிவாதக்கார ஐந்துக்கு வழி சொன்னவள் தைவா:
"தட்டில் வரி போடு."
அவள் எந்த விதியையும் படித்ததில்லை.
வீட்டு ஃப்ரீசரைப் பத்து வருடம் சுரண்டியிருக்கிறாள்.

காப்புரிமைப் படிவத்தில்
கண்டுபிடித்தவர் பெயருக்கு ஒரே ஒரு வரி.
தன் பெயரை எழுதினாள் சுன்னிவா,
பக்கத்தில் நெருக்கி, தைவா யுர்கித்தே.
பையனின் நாக்குக்கு இடமில்லை.
நாற்பதையும் அலுக்காமல் ஓதியதற்கும்,
அதில் முப்பது உளறலாக இருந்ததற்கும்
எந்தக் கட்டமும் இல்லை.
பேனாவைச் சற்றுநேரம் காகிதத்துக்கு மேல் வைத்திருந்து
மூடினாள்.

மார்ச்சில் சன்னல்களுக்கு வெளிச்சம் திரும்பியது.
தட்டு மீனைத் தூக்கியது,
கடந்தது, வெதுவெதுத்தது, விட்டது.
சதையில் பிடித்த தடமில்லை.
தைவா பழக்கதோஷத்தில்
தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தாள்.